ஆவணியில் வரும் விருந்தாளிகள்: பெங்களூர் பூங்காக்களில் வலசைப் பறவை பார்க்க முழுமையான வழிகாட்டி

அல்சூரில் எங்கள் சித்தப்பா வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற மூலையில் எப்போதும் பாசி படிந்து ஈரமாகவே இருக்கும். ஆவணி பிறந்த சில வாரங்களில் ஒரு நாள் காலை, அந்த ஈரத்தில் ஒரு குருவி வந்து நிற்கும். முதுகு சாம்பல், வாலடி மஞ்சள், உடம்பளவுக்கு நீண்ட வால். அந்த வால் ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. "பிள்ளையாரைக் கரைக்கறதுக்குள்ள வந்துடும்டா, பாரு" என்பார் சித்தப்பா. அவர் பைனாகுலரைத் தொட்டதில்லை. சாம்பல் வாலாட்டி என்ற பெயரையும் நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஆனால் அது வருகிற வாரம் அவருக்குத் தெரியும்.

தினமும் ஒரே மாடி, ஒரே மூலை என்று பார்த்ததால் அவருக்கு அது தெரிந்தது. வலசைப் பறவை பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். தூரமாகப் போக வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பூங்காவுக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்.

ஏன் ஆவணி முதல் கார்த்திகை வரை நான்கு மாதங்கள்

வடக்கே இமயமலையிலும், அதைத் தாண்டி மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் கோடையில் பூச்சி ஏராளம், பகல் நீளம். குஞ்சு பொரித்து வளர்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆகஸ்ட் வாக்கில் பகல் நன்றாகக் குறைந்திருக்கும். பறவையின் உடலில் இருக்கும் கடிகாரம் அதை உணர்ந்து, பயணத்துக்குக் கொழுப்பைச் சேர்க்கச் சொல்லும். பனி விழுந்து இரை அற்றுப்போவதற்கு முன்பே அவை கிளம்பிவிடும். சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கும். பகலில் எங்காவது இறங்கித் தின்று, ஓய்வெடுத்து, மறுபடி கிளம்பும். இமயத்திலிருந்து பெங்களூருக்கு நேர்கோட்டில் போட்டாலே சுமார் 2,000 கிலோமீட்டர். பச்சைக் கதிர்க்குருவியின் எடை பத்து கிராம்கூட இல்லை. அது அந்தத் தூரத்தைக் கடந்து வந்து நம் தெருவில் இருக்கும் புங்க மரத்தில் உட்கார்ந்து கத்துகிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு வருஷமும் சிலிர்க்கும்.

பெங்களூரில் இலையுதிர்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆவணியிலிருந்து கார்த்திகை வரை, அதாவது ஆகஸ்ட் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை, நமக்கு வலசைப் பருவம் என்று வைத்துக்கொள்ளலாம். செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே நல்ல மழை. அது தொந்தரவு மாதிரி தெரிந்தாலும் பூச்சி பெருகுவது அதனால்தான்.

முதல் படி: ஒரு பூங்கா, ஒரு சுற்று

எது உங்களுக்குப் பக்கமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அல்சூர், மர்ஃபி டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கம் இருப்பவர்களுக்கு அல்சூர் ஏரிக்கரையும் கப்பன் பூங்காவும் போதும். ஜெயநகர், பசவனகுடிக்காரர்களுக்கு லால்பாக். சர்ஜாபூர் சாலையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கைக்கொண்டரஹள்ளி ஏரி, வடக்கே ஹெப்பாள் ஏரி, ஜக்கூர் ஏரி. அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் நாலு மரமும் ஒரு புதரும் இருந்தால் அங்கேயே தொடங்கலாம்.

பூங்காவைத் தேர்ந்தபின் அதற்குள் ஒரு சுற்றை முடிவு செய்யுங்கள். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் போதும், ஆனால் அதில் மூன்று விதமான இடம் வர வேண்டும்: பெரிய மரங்கள், அடர்ந்த புதரோ மூங்கிலோ, தண்ணீர். பறவைகள் இடத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளும் என்பதால்தான் இது. உச்சிக் கிளையில் இருப்பது புதருக்குள் வராது, புதரில் இருப்பது வெட்டவெளிக்கு வராது.

உதாரணத்துக்கு லால்பாக். 240 ஏக்கர், ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம். மொத்தத்தையும் ஒரே காலையில் சுற்ற நினைத்தால் காலும் வலிக்கும், பறவையும் தெரியாது. பச்சை வழித்தட மெட்ரோவில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் மேற்கு வாயில் நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெட்ரோ தாமதமாகத் தொடங்கும், அதைக் கணக்கில் வையுங்கள். உள்ளே போய் மரங்களினூடே ஏரிப் பக்கம் நடந்து, ஏரிக்கரையில் அரை மணி நேரம் நின்று, பிறகு கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை மேல் ஏறி வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது நல்ல சுற்று. அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. வெயில் ஏறி ஒன்பது, ஒன்பதரை ஆகும்போது சூடான காற்று மேலெழும், பருந்துகளும் கழுகுகளும் அதில் வட்டமடிக்கும். வழக்கமான கரும்பருந்துக் கூட்டத்தில் வேறொரு உருவம் கலந்திருக்கிறதா என்று பொறுமையாகத் தேடுங்கள்.

கப்பன் பூங்காவுக்கு ஞாயிறு நல்ல நாள். உள்ளே வண்டி கிடையாது, அதனால் சத்தம் குறைவு.

இரண்டாவது படி: முதலில் உள்ளூர்க்காரர்கள்

இதைத் தாண்டிக் குதிக்க எல்லோருக்கும் ஆசை இருக்கும். தயவுசெய்து குதிக்காதீர்கள். ஆகஸ்ட் மாதம் முழுவதையும் வருஷம் பூராவும் இங்கேயே இருக்கும் பறவைகளுக்குக் கொடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் யார் யார் என்று தெரிந்தால்தான் விருந்தாளி வந்தது தெரியும்.

முப்பது பெயர் வேண்டாம், பன்னிரண்டு போதும்: காகம், கரும்பருந்து, செம்பருந்து, மைனா, கிளி, செம்போத்து, குக்குறுவான், கொண்டைக்குருவி, குண்டுகரிச்சான், தையல் சிட்டு, தேன்சிட்டு, வெண்தொண்டை மீன்கொத்தி. இவை ஒவ்வொன்றின் உருவத்தையும் குரலையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். முக்கியமாகத் தையல் சிட்டு. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் அதைத்தான் ஏதோ அபூர்வப் பறவை என்று நினைத்துத் துரத்துவார்கள். அதேபோல வெண்புருவ வாலாட்டி. கறுப்பு வெள்ளையில், கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடோடு ஏரிக்கரையில் எப்போதும் இருக்கும். அது இங்கேயே குடியிருப்பது. மஞ்சள் அடியோடு வருவதுதான் விருந்தாளி.

பைனாகுலர்

8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். மரநிழலில் ஒளி குறைவு என்பதால் இந்த 42 உதவும். பை கனக்கக்கூடாது என்றால் 8×32 எடுக்கலாம். 10 மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகும், புதியவர்களுக்கு அது சரிப்படாது. முப்பது மடங்கு, ஐம்பது மடங்கு, ஜூம் என்று மலிவு விலையில் விற்பவற்றின் பக்கமே போகாதீர்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டியது: தூரத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்துத் தெளிவாகும்படி வையுங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் மங்கலாகப் பார்த்துத் தலைவலி என்று விட்டவர்கள் உண்டு. கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிடுங்கள்.

பறவையைக் கண்டதும் பைனாகுலரைத் தேடிக் கீழே பார்க்கக் கூடாது. கண் பறவை மேலேயே இருக்கட்டும், கை மட்டும் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரட்டும். வீட்டு ஜன்னலில் நின்று காக்காயை வைத்து ஒரு வாரம் பழகினால் கை தானாக வரும்.

நேரம், ஒளி, மழை

வாயில் திறக்கும் ஆறு மணிக்கே உள்ளே இருங்கள். ஒன்பது வரைக்கும் நல்ல நேரம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி சுற்றைத் திட்டமிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும். இரவு மழை பெய்து காலையில் வெயில் வந்தால் எப்படியாவது கிளம்பிவிடுங்கள். இறகைக் காயவைக்கவும் பசியாறவும் எல்லாம் வெளியே வரும்.

பெரிய தேன்கூடுகள் தொங்கும் மரத்தடியிலும் பாறைப் பக்கமும் நின்று சத்தம் போடாதீர்கள். உடுப்பு மண் நிறமோ பச்சையோ இருந்தால் போதும்.

யார், எப்போது

ஆவணியில் முதலில் வருவது சாம்பல் வாலாட்டி. நீரோடும் வாய்க்கால், ஏரிக்கரைக் கல், மொட்டைமாடி, சில சமயம் பார்க்கிங் தரைகூட. பறக்கும்போது அலை அலையாக ஏறி இறங்கி, "சிட்-சிட்" என்று உலோகத்தைத் தட்டின மாதிரி குரல் கொடுக்கும். அதே நாள்களில் ஏரி மேல் தகைவிலான்கள் தாழப் பறக்கத் தொடங்கும். வால் இரண்டாகப் பிரிந்து கம்பி மாதிரி நீண்டிருக்கும். கரைச் சேற்றில் உள்ளான்கள் வந்துவிட்டனவா என்றும் பாருங்கள். சாதா உள்ளான் நிற்கும்போதே பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே இருப்பதால் தூரத்திலிருந்தே தெரியும்.

புரட்டாசியில் கதிர்க்குருவிகள். இங்கேதான் பலர் சோர்ந்து போவார்கள், எல்லாம் ஒரே மாதிரி சின்னதாக, நிறமில்லாமல் இருக்கும் என்பதால். இரண்டை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், பூங்காவில் உங்களுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அந்த இரண்டுதான்.

ஒன்று பச்சைக் கதிர்க்குருவி. போனில் பறவைச் செயலி வைத்திருந்தால் அதில் கிரீனிஷ் வார்ப்ளர் என்று தேட வேண்டும். மர உச்சியில், இலைகளுக்கு அடியில், ஒரு இடத்தில் நிற்காமல் பூச்சி பொறுக்கும். மேலே மங்கிய பச்சை, கண்ணுக்கு மேல் நீண்ட வெளிர்ப் புருவம், சிறகில் மெல்லிய ஒரே ஒரு வெள்ளைக் கோடு. குரல் இரண்டு அசை: "சிஸ்-லீ." காதில் ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு டிராஃபிக்கில் நிற்கும்போதுகூட அது கேட்கும். குளிர்காலம் முழுக்க ஒரு மரத்தையோ சில மரங்களையோ தன் எல்லையாக வைத்துக்கொண்டு, வேறொன்று வந்தால் விரட்டும். ஆகவே அக்டோபரில் ஒரு மரத்தில் பார்த்தால் ஜனவரியில் அதே இடத்தில் மறுபடி தேடிப் பாருங்கள்.

இன்னொன்று பிளைத் நாணல் கதிர்க்குருவி. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத் பெயரில் அமைந்தது. பெயரில் நாணல் இருந்தாலும் குளிர்காலத்தில் சாதாரண வேலிப் புதரே போதும் அதற்கு. கீழே, இருட்டில், மொத்தமும் பழுப்பு, தொண்டை மட்டும் வெளுப்பு. பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம்: "செக்… செக்…" என்று இரண்டு கூழாங்கல்லைத் தட்டின ஒலி. ஆக, மேலே மரத்தில் "சிஸ்-லீ", கீழே புதரில் "செக்". இந்த ஒரு பிரிவை மனதில் வைத்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

ஐப்பசிதான் உச்சம். மாங்குயில், பழுப்புக் கீச்சான், சாம்பல் கரிச்சான், பழுப்பு ஈப்பிடிப்பான், அரசவால் ஈப்பிடிப்பான் எல்லாம் இந்த நாள்களில் பார்க்கக் கிடைக்கும். ஈப்பிடிப்பான்களைப் பார்க்க நடக்கக் கூடாது, நிற்க வேண்டும். ஒரு கிளையில் நிமிர்ந்து உட்காரும், பாய்ந்து பூச்சியைப் பிடிக்கும், பெரும்பாலும் அதே கிளைக்கோ பக்கத்துக் கிளைக்கோ திரும்பி வரும். பெரிய கண், அதைச் சுற்றி வெள்ளை வளையம் என்றால் பழுப்பு ஈப்பிடிப்பான்.

இந்த மாதத்தில் மூங்கில் அடியைத் தவறவிடாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் சித்தப்பாவின் மகள்வயிற்றுப் பேத்தியோடு கப்பன் பூங்காவுக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மூங்கில் சருகில் ஏதோ நகர்ந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். வாலாட்டிதான், ஆனால் மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை, சிறகில் வெளிர் மஞ்சள் கோடுகள். நான் பட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் என் சட்டையை இழுத்து, "மாமா, இது வாலை மேல கீழ ஆட்டலையே, பக்கவாட்டுல ஆட்டுது" என்றாள். அதுதான் அடையாளம். மற்ற வாலாட்டிகள் மேலும் கீழும் ஆட்டும். கொடிக்கால் வாலாட்டி மட்டும் இடமும் வலமும், பின்பாதி உடம்போடு சேர்த்து ஆட்டும். நடையைப் பார்க்கிற கண் இருந்தால் நிறம் பிறகு வரும் என்று அன்று அவளிடமிருந்து எனக்குப் புரிந்தது.

கார்த்திகையில் வாத்துகள். அதற்கு லால்பாக்கைவிட ஹெப்பாள் போன்ற ஏரிகள் நல்லது. ஊசிவால் வாத்து, அகப்பை மாதிரி அலகு கொண்ட தட்டைவாயன், நீலச்சிறகி. வந்த புதிதில் ஆண்களும் பெட்டை மாதிரி மங்கலாக இருக்கும். அலகின் வடிவத்தையும் கழுத்தின் நீளத்தையும் பாருங்கள். ஏரி மேல் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் வாத்துகள் மொத்தமாக எழும், அந்தக் காட்சிக்காகவே ஒரு காலைப் பொழுதைக் கொடுக்கலாம்.

பெயர் கண்டுபிடிக்கும் வரிசை

பறவை தெரிந்ததும் புத்தகத்தையோ போனையோ எடுக்காதீர்கள், அது பறந்துவிடும். இருக்கும்வரை பாருங்கள், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே: காகத்தைவிடச் சிறியதா, மைனா அளவா, சிட்டு அளவா? எங்கே இருக்கிறது? என்ன செய்கிறது? வால் எப்படி? முகத்தில் கோடு உண்டா? நிறம் கடைசியில்தான். பறந்து போனபின் இதைச் சின்ன நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு தேடுங்கள்.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். நல்ல துணை. ஆனால் நகரச் சத்தத்தில் அது தவறும் சொல்லும், ஆகையால் அது சொன்ன பறவையைக் கண்ணால் பார்த்தபின் எழுதுங்கள். பறவையை வெளியே வரவழைக்கப் போனில் அதன் குரலை ஒலிக்கவிடுவதை மட்டும் செய்யவே வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இளைத்து வந்த பறவை, இல்லாத எதிரியை விரட்ட ஓடிவரும். அதற்குத் தின்பதற்கு வேண்டிய நேரத்தை நாம் பிடுங்குகிறோம்.

கலவைக் கூட்டம் ஒன்று எதிர்ப்பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். வெள்ளைக்கண்ணி, தையல் சிட்டு, தேன்சிட்டு என்று உள்ளூர்ப் பறவைகள் சேர்ந்து மரம் மரமாக நகரும்போது விருந்தாளிகளும் அதில் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் ஒன்றும் இல்லாத பூங்காவில் ஐந்தே நிமிடத்தில் பத்து வகை கிடைப்பது இப்படித்தான்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் லால்பாக்கில் பறவை ஆர்வலர்கள் கூடுவது பல்லாண்டு வழக்கம். புதியவர்களை அன்போடு சேர்த்துக்கொள்வார்கள். தமிழ் பேசுகிறவர்களும் அங்கே இருப்பார்கள்.

ஆறுமணிக் குருவி பால்கனியில் விழுந்தால்

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. அக்டோபரில் ஆறுமணிக் குருவி இமய அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் தெற்கே வருகிறது. விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும், பெயருக்குக் காரணம் அதுதான். பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் சிவப்பு, கண் வழியே ஓடும் கறுப்புப் பட்டை, குட்டை வால். இரவில் பறந்து களைத்து, விளக்கிலும் கண்ணாடியிலும் குழம்பி, அடுக்குமாடிகளில் மோதி விழும். பார்த்தவர்கள் யாரோ வளர்த்த பறவை என்று கூண்டில் போட்டுவிடுவார்கள்.

அப்படி ஒன்று கிடைத்தால் மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். அடியில் ஒரு துணி. மூடி, இருட்டான, அமைதியான அறையில், பூனைக்கும் குழந்தைக்கும் எட்டாமல் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊட்டாதீர்கள், நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து படமெடுக்காதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்து பெட்டிக்குள் துள்ளத் தொடங்கினால், மரமும் புதரும் உள்ள, காக்கைக் கூட்டம் இல்லாத இடத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிடுங்கள். உயரே தூக்கி எறிய வேண்டாம். சிறகு தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ கெங்கேரிப் பக்கம் உள்ள பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு மருத்துவமனையைக் கேளுங்கள். வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எழுதி வையுங்கள், இல்லாததையும்

2007-இல் இந்த ஊரிலேயே இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலிருந்து மைக்ரன்ட்வாட்ச் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வலசைப் பறவையை முதலில் பார்த்த தேதியைப் பொதுமக்களே அனுப்பலாம். இப்போது அந்த வேலைக்கு, பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்ட் என்ற தளமும் செயலியும் இருக்கின்றன. செயலியில் தொடங்கிய நேரம், நடந்த தூரம், பார்த்த வகைகள், எண்ணிக்கை ஆகியவற்றைப் பதியலாம். முடிவில், அடையாளம் கண்ட எல்லாவற்றையும் பதிந்துவிட்டீர்களா என்று கேட்கும். அதற்கு ஆம் என்று சொல்லும்படி காகத்தையும் புறாவையும் சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் பட்டியலில் இல்லாத பறவையும் தகவலாகும். ஆகஸ்டில் நான்கு வாரம் போய் வாலாட்டி இல்லை என்று பதிந்திருந்தால்தான், ஐந்தாவது வாரம் அது வந்த தேதிக்கு மதிப்பு.

போகும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வருவதை எல்லோரும் கவனிப்பார்கள், மார்ச், ஏப்ரலில் சொல்லாமல் கிளம்புவதைக் கவனிப்பவர்கள் குறைவு. கடைசியாகப் பார்த்த நாள் எது என்பது அடுத்த சில வாரங்கள் பார்க்காமல் இருந்தபின்தான் தெரியும், அதனால் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். இதற்குச் செயலிதான் வேண்டும் என்று இல்லை. சித்தி பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரில், பாக்கெட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் சின்னதாக "வா" என்று போட்டுவிடுவார். வாலாட்டி மாடியில் நின்ற நாள் என்று அர்த்தம். போன வருஷக் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். செப்டம்பரில் இரண்டு "வா", அக்டோபரிலிருந்து கிட்டத்தட்ட தினமும், ஏப்ரல் முதல் வாரத்தில் ஒன்று. அதற்குப் பிறகு பால் கணக்கு மட்டும்.